செவலையின் பால் உறையவில்லை

ஃப்ளோராவுக்கு எதற்கெடுத்தாலும் கோபம் வரும் என்று தோட்டத்தில் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. மனிதர்களிடம்தான் அவளுக்குக் கோபம் வந்தது. மாடு உதைத்தாலும், கறந்த பாலைத் தட்டிவிட்டாலும், அவள் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை.

பத்தாங் பெர்ஜுந்தைக்கு வடக்கே, சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டம் அது. ஜப்பான்காரன் காலத்தில் அவள் புருஷன் அந்தோனியைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப் போனார்கள். அவன் திரும்பவில்லை. அப்போது அவளிடம் இருந்தது ஒரே ஒரு கிழட்டு மாடு. அதை வைத்துக்கொண்டு, பால்மரமும் சீவிக்கொண்டு காலத்தை ஓட்டினாள். சண்டை முடிந்த பிறகு மாடு நான்காகப் பெருகியது. வெள்ளச்சி, மயிலி, கருப்பி, செவலை. செவலை மட்டும் துரை பங்களாவின் சீமைக் காளைக்குப் பிறந்தது. மற்ற மூன்றும் கொடுக்கிற பாலை அது ஒன்றே கொடுக்கும். அதன் பிறகு ஃப்ளோரா மரம் சீவப் போகவில்லை. பாலை நம்பியே பிழைத்தாள்.

அவள் கொட்டகை ஆற்றோரம் இருந்தது. விடிகாலை மூன்றரைக்குக் கறப்பாள். விடியலில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போகிறவர்கள் அவளுடைய பாலில் காப்பி குடித்துவிட்டுத்தான் போவார்கள். மிச்சப் பாலைச் சைக்கிளில் கட்டி, டவுனில் ஜெய்னுலாப்தீன் நானாவின் சாப்பாட்டுக்கடைக்குக் கொண்டுபோவாள். நானாவின் கடைத் தயிர் கோலசிலாங்கூர் வரைக்கும் பேர் போனது.

ஐம்பத்தொன்றாம் ஆண்டு, கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியும் மருந்தும் போகக்கூடாது என்று தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களை எல்லாம் ஒரே இடத்துக்கு இழுத்துவந்து முள்கம்பி போட்டார்கள். காலை ஆறு மணிக்குத்தான் கேட்டைத் திறப்பார்கள், மாலை ஆறுக்கு மூடிவிடுவார்கள். ஃப்ளோரா கம்பிக்கு உள்ளே வந்தாள். கொட்டகை கம்பிக்கு வெளியே, கால் மைல் தூரத்தில் நின்றுவிட்டது.

கொட்டகையை உள்ளே மாற்ற இடம் கேட்டாள். ஈ மொய்க்கும், நாற்றம் அடிக்கும், சுகாதாரத்துக்கு ஆகாது என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். பங்களாவில் பதினான்கு சீமை மாடுகள் நின்றன. அங்கே விளக்கு, தண்ணீர்க் குழாய், தனிக் கம்பிவேலி எல்லாம் உண்டு. அங்கே மட்டும் ஈ மொய்க்காதா என்று அவள் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியிடம் கேட்டாள்.

கேட்டையாவது முன்கூட்டித் திறந்துவிடச் சொன்னாள், அதுவும் நடக்கவில்லை. ஆகவே கறக்கிற நேரம் மாறியது. காலை ஆறேகாலுக்கு முன் முடியாது. சாயங்காலம் நாலரைக்குள் முடித்தாக வேண்டும். கேட்டில் இன்னொரு தொல்லை. லயத்தில் கொடுத்து மீந்த பாலோடு வெளியே போகும்போது, பால்தூக்கில் எதையாவது ஒளித்துக் கொண்டுபோகிறாளா என்று பார்க்க, காவலுக்கு நிற்கிற ஸ்பெஷல் கான்ஸ்டேபிள் ஒரு குச்சியை எடுத்துப் பாலுக்குள் விட்டுக் கலக்குவான். அதே குச்சியைத்தான் முன்னால் போனவனின் சோற்றுப் பானையிலும் விட்டிருப்பான். ஃப்ளோரா இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள், வெந்நீரில் கழுவிய அகப்பையைத் தானே கொண்டுவந்து அவன் கையில் கொடுத்து, இதை விட்டுக் கலக்கு என்று மலாயில் சொன்னாள். அவன் சிரித்தான். ஆனால் அகப்பையைத்தான் விட்டான்.

மறு வருஷம் தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, ரப்பர் ஷீட் ஏற்றிப் போன தோட்டத்து லோரியைக் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகள் டவுனுக்குப் போகும் சடக்கில் வழிமறித்துச் சுட்டார்கள். டிரைவருக்குத் தோளில் காயம். ஃப்ளோரா காலைப் பால் கறந்து, டவுனுக்குப் போய்த் திரும்பிக் கம்பிக்குள் வந்த நேரம் அது. கேட்டை மூடிவிட்டார்கள். மறு உத்தரவு வரும்வரை ஒரு ஆள்கூட வெளியே போகக்கூடாது.

சாயங்காலம் நாலரை ஆனது, ஐந்தரை ஆனது. மாடுகள் கத்த ஆரம்பித்தன. ஆற்றுக்காற்றில் அந்தச் சத்தம் லயம் முழுக்கக் கேட்டது. கன்றுகளாவது அவிழ்த்துக்கொண்டு போய்க் குடிக்கும் என்றால் அதற்கும் வழியில்லை. அவள் போட்ட முடிச்சு. எந்தக் கன்றும் அதை அவிழ்க்காது. அப்படி இறுக்கிக் கட்டியதை நினைத்து அவள் தன் கையையே திட்டினாள்.

புதன்கிழமை காலை கேட்டுக்குப் போய், ஒரு மணி நேரம் விட்டால் போதும், துப்பாக்கியோடு ஒரு ஆளைக் கூட அனுப்புங்கள் என்று கெஞ்சினாள். அவள் கெஞ்சி யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை. உத்தரவு இல்லை என்றார்கள். அங்கே நின்ற தமிழ்க் கான்ஸ்டேபிளிடம் திரும்பினாள்.

“மாடு கத்துறது உனக்குக் கேக்குதா, கேக்கலையா?”

“கேக்குதுக்கா. நான் என்னா செய்யிறது?”

மத்தியானம் தாண்டித்தான் கேட்டைத் திறந்தார்கள். முப்பது மணி நேரம் கறக்காத மடிகள். மற்ற மூன்றும் எப்படியோ தப்பின. செவலையின் மடி கல்லாய் இருந்தது. தொட்டால் சுட்டது. பின்காம்பு இரண்டிலும் பால் வரவில்லை. திரிதிரியாகவும் மஞ்சள் தண்ணீராகவும் ஏதோ வந்தது. செவலை அவளை உதைக்கவில்லை. உதைக்கக்கூட அதனால் முடியவில்லை.

கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்துப் பூசினாள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். பகலில் மணிக்கொரு தடவை பீய்ச்சிக் கொட்டினாள். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. வீக்கம் இறங்கவில்லை.

பங்களா மாட்டுக்கொட்டகையில் வேலை செய்த சோமு அவளுக்குத் தெரிந்தவன். மடிநோய்க்கு அங்கே ஒரு மருந்து இருப்பதாக அவன்தான் சொன்னான். பற்பசைக் குழல் மாதிரி சின்னக் குழல், உள்ளே பென்சிலின் களிம்பு. மூக்கைக் காம்புத் துளையில் வைத்துப் பிதுக்கிவிட வேண்டியதுதான், மூன்று நாளில் சரியாகிவிடும். நோய் வந்த மாட்டுக்கு மட்டுமா என்று கேட்டாள். இல்லை, மாதம் பிறந்தால் பதினான்கு மாட்டுக்கும் நான்கு காம்பிலும் போட வேண்டும், உதவி மேனேஜரான சின்ன துரையின் உத்தரவு என்றான் சோமு. மருந்துக் கம்பெனி அனுப்பிய புத்தகத்தைப் படித்துவிட்டுச் சின்ன துரை செய்த ஏற்பாடு அது. சீக்கு இல்லாத மாட்டுக்கு மருந்தா என்று கேட்டாள் ஃப்ளோரா.

ஒரு குழல் கொண்டுவந்து தரட்டுமா என்று சோமு தயங்கித் தயங்கிக் கேட்டான். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். பென்சிலின் கட்டுப்பாட்டு மருந்து. அதைக் கம்பிக்கு வெளியே கொண்டுபோகிறபோது பிடிபட்டால், காட்டுக்காரர்களுக்குக் கொண்டுபோகிறாள் என்றுதான் எழுதுவார்கள். மாட்டுக்கு என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவளும் உள்ளே போவாள், சோமுவும் போவான்.

நேர்வழியில் வாங்கலாம் என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் சிவானந்தத்திடம் போனாள். அவர் கெட்டவர் இல்லை.

“ஒரு குப்பி கொறஞ்சாலும் என்னத்தான் புடிப்பான் ஃப்ளோரா. மனுசனுக்கே போலீஸ்கிட்ட எழுதிக் காட்டித்தான் குடுக்குறேன். மாட்டுக்குன்னு நான் என்னான்னு எழுதுறது?”

கோலசிலாங்கூரில் மிருக வைத்திய ஆபீஸ் இருந்தது. பஸ் பிடித்துப் போனாள். தோட்ட மேனேஜரின் கடிதம் வேண்டும் என்றார்கள். தோட்டத்துக்கு வந்தால், மருந்து தேவைதான் என்று மிருக வைத்திய ஆபீஸ் முதலில் எழுதித் தரட்டும் என்றார் கிராணி. திரும்பப் போனாள். மாட்டைப் பார்க்காமல் எழுத முடியாது, பார்க்க வருவதற்குப் போலீஸ் அனுமதி வேண்டும் என்றார்கள். போலீஸுக்குப் போனாள். அவர்கள் மேனேஜரின் கடிதம் எங்கே என்று கேட்டார்கள். ஒவ்வொரு நாளும் பஸ் ஏறுமுன் செவலையைக் கறந்து கொட்டினாள், இறங்கியதும் ஓடிப்போய்க் கறந்து கொட்டினாள். நான்காம் தடவை மிருக வைத்திய ஆபீஸின் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கச் சொன்னவர்களிடம், எந்தக் காகிதத்தை முதலில் பிறக்க வைப்பது என்று நீங்களே பேசி முடிவு செய்யுங்கள், அதுவரைக்கும் இங்கேதான் இருப்பேன் என்றாள்.

எர்னஸ்ட் என்ற உதவியாளர் வெளியே வந்தார். கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர், முப்பது வயது இருக்கும். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, போலீஸுக்குத் தானே போன் போட்டார். மடி வீங்கிப் பதினேழாம் நாள் கொட்டகைக்கு மருந்து வந்தது.

ஆறு குழல். இரண்டு காம்புக்கு மூன்று நாள். முதல் நாள் எர்னஸ்ட் போட்டுக் காட்டினார். மீதி நான்கையும் டிரஸ்ஸர் தம் அலமாரியில் பூட்டிவைத்து, தாமே வந்து போட வேண்டும் என்று உத்தரவு. துணைக்குத் துப்பாக்கியோடு ஒரு மலாய்க் கான்ஸ்டேபிள். வந்த கான்ஸ்டேபிள் துப்பாக்கியைத் தூணில் சாய்த்துவிட்டுச் செவலையின் வாலைப் பிடித்துக்கொண்டான். டிரஸ்ஸர் சேற்றில் குந்தி, சட்டைக்கையை மடித்துவிட்டு, இருபது வருஷம் படித்து உழைத்ததற்குக் கடைசியில் மாட்டு வைத்தியன் ஆனேன் என்று முணுமுணுத்தார். காலிக் குழல்களைக் காகிதத்தில் சுற்றிப் போலீஸில் ஒப்படைத்தார்கள். எல்லாம் ஒரு மாட்டுக்கு. அங்கே பங்களாவில் காலிக் குழல்களைச் சோமு குப்பைக்குழியில் கொட்டிக்கொண்டிருந்தான்.

ஒரு காம்பு தேறியது. இன்னொன்று வற்றியே போனது. பால் மறுபடி வெள்ளையாய் வந்ததும் ஃப்ளோரா அதை மற்ற மாட்டுப் பாலோடு சேர்த்து விற்றாள். விற்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எர்னஸ்டுக்கும் அப்போது யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

அந்த வாரம் டவுன் பள்ளிவாசலில் கந்தூரி. பிரியாணிக்குத் தயிர்ப் பச்சடி ஜெய்னுலாப்தீன் நானாவின் பொறுப்பு. மூன்று பெரிய பானை பாலுக்கு உறை ஊற்றி வைத்தார். காலையில் திறந்தால் பால் பாலாகவே இருந்தது, லேசான ஒரு கெட்ட வாடையோடு. ஊர்ச் சபையில் அவர் தலைகுனிந்து நிற்க வேண்டியதாயிற்று. மறுநாள் ஃப்ளோரா சைக்கிளை நிறுத்தியபோது அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

“தங்கச்சி, பால்ல என்னா கலந்தீங்க?”

அவள் கலக்கவில்லை என்றாள்.

“இருவது வருசமா உறை ஊத்துறேன். பால்ல ஒண்ணும் இல்லாம இப்படி ஆகாது. இனிமே கொண்டாராதீங்க.”

கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவள் தூக்கை மறுபடி சைக்கிளில் கட்டினாள். பாலில் தண்ணீர் ஒரு சொட்டு ஊற்றினால் கை அழுகிப்போகும் என்று நம்புகிறவள் அவள். லயத்திலும் பேச்சுப் பரவியிருந்தது. பக்கத்து வீட்டுக் கலாவதி, தன் வீட்டிலும் இரண்டு நாளாய்த் தயிர் உறையவில்லை என்று குழாயடியில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

ஃப்ளோரா அழுதுகொண்டு உட்காரவில்லை. நான்கு கொட்டாங்கச்சிகளைக் கழுவிக் காயவைத்தாள். நான்கு மாட்டுப் பாலையும் தனித்தனியே காய்ச்சி ஆறவைத்து, ஒரே மோரில் ஒரே அளவு உறை ஊற்றினாள். மறுநாள் மூன்று கெட்டியாய் உறைந்திருந்தன. செவலையின் பால் உறையவில்லை. அடுத்த நாளும் செய்தாள், அதேதான். கடைசிக் குழல் போட்ட நாளிலிருந்து எண்ணி ஐந்தாம் நாள், செவலையின் பாலும் கத்தியால் வெட்டலாம்போல் உறைந்தது. புல் மாறவில்லை, தண்ணீர் மாறவில்லை. மருந்து ஒன்றுதான் உள்ளே போய் வெளியே வந்திருக்கிறது. நோய்க்கிருமியைக் கொல்லுகிற மருந்து மோரின் புளிப்பையும் கொன்றுவிட்டது என்று அவளுக்கு விளங்கியது. படித்தவர்கள் அதை வேறு பெயரில் சொல்வார்கள், அவ்வளவுதான்.

அது விளங்கியதும் இன்னொன்றும் விளங்கியது. பங்களாப் பாலில் மீந்தது, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகைக்கு வரும். அங்கே மிஞ்சினால் பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அந்தப் பால் ஒருநாளும் உறையாது. சீமை மாட்டுப் பால் உறையாது என்று தோட்டமே அதை ஒரு பழமொழி மாதிரி சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் செவலையும் பாதிச் சீமை மாடுதானே? அதன் பால் இத்தனை காலம் உறையவில்லையா? சோமுவிடம் கேட்டு வாங்கி மூன்று நாள் தொடர்ந்து உறை ஊற்றிப் பார்த்தாள். மூன்று நாளும் உறையவில்லை. மாதப்பிறப்புக்கு எல்லா மாட்டுக்கும் குழல், நடுவில் எதற்காவது திரி கண்டால் மறுபடி குழல், எல்லாப் பாலும் ஒரே கேனில். பிள்ளைகள் தினமும் பென்சிலின் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

டிரஸ்ஸரை மொழிபெயர்க்க அழைத்துக்கொண்டு, உறைந்த பாலும் உறையாத பங்களாப் பாலுமாக இரண்டு கொட்டாங்கச்சிகளோடு ஆபீஸ் வராந்தாவுக்குப் போனாள். சின்ன துரை பொறுமையாகத்தான் பார்த்தார். பிறகு, உறையாத பால் கெடாத பால், கெடாத பால் சுத்தமான பால், ஆக மருந்து நன்றாகத்தான் வேலை செய்கிறது என்றார். பால் குடிப்பதற்கு, தயிர் தோய்ப்பதற்கு அல்ல என்றும் சொன்னார்.

உறைவதும் கெடுவதும் ஒன்றில்லை, பால் உயிரோடு இருந்தால்தான் உறையும், சீக்கு இல்லாத பிள்ளைக்கு நீங்கள் தினமும் மருந்து கொடுப்பீர்களா டிரஸ்ஸர் ஐயா, அதைக் கேளுங்கள் என்று அவள் மூச்சுவிடாமல் பேசினாள். சிவானந்தம் இங்கிலீஷில் ஒரே ஒரு வரி சொன்னார். சின்ன துரை தலையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

“அம்புட்டுதானா சொன்னீங்க?”

“அம்புட்டுதான் அவருக்குக் கேக்கும், ஃப்ளோரா.”

படி இறங்கும்போது அவள் இரண்டு கொட்டாங்கச்சியையும் வாய்க்காலில் வீசி எறிந்தாள்.

ஜெய்னுலாப்தீன் நானாவிடம் மட்டும் அவள் தோற்கத் தயாராக இல்லை. மறுநாள் பங்களாப் பாலையும் தன் பாலையும் தனித்தனியே கொண்டுபோய், அவர் கடைக் கண்ணாடிக் கிளாஸிலேயே, அவர் கடை மோரிலேயே, அவர் கையாலேயே உறை ஊற்றச் சொன்னாள். நானா வேண்டாவெறுப்பாய்ச் செய்தார். அடுத்த நாள் அவள் போனபோது இரண்டு கிளாஸும் கல்லாமேல் இருந்தன. ஒன்றைக் கவிழ்த்துப் பிடித்துக் காட்டினார், தயிர் விழவில்லை.

“நாந்தான் அவசரப்பட்டுட்டேன் தங்கச்சி. நாளையிலருந்து கொண்டாந்துடுங்க.”

லயத்துக்காரர்கள் அப்படிச் சுலபமாய் மனம் மாறவில்லை. கலாவதி அதன்பின் கடைசிவரை அவளிடம் பால் வாங்கவில்லை. ஆனால் அவள் பிள்ளை ஆயாக்கொட்டகையில் பங்களாப் பாலைத்தான் குடித்தது.

அதிலிருந்து ஃப்ளோரா தனக்கென்று ஒரு சட்டம் வைத்துக்கொண்டாள். சீக்கு மாட்டைக் கடைசியில் கறப்பாள். மருந்து போட்டால், போட்டு முடிந்து நான்கு நாள் பாலைத் தென்னை அடியில் ஊற்றிவிடுவாள். அதற்கும் வந்தது வினை. அந்த வருஷக் கடைசியில் மயிலிக்கு மடி வீங்கி, டிரஸ்ஸர் வந்து மருந்து போட்டார். கேட்டைத் தாண்டி வருகிற பால் குறைந்தது. மீதிப் பால் யாருக்குப் போகிறது என்று போலீஸில் கூப்பிட்டு அரைநாள் உட்கார வைத்துக் கேட்டார்கள். தென்னைக்கு ஊற்றினேன் என்றாள். அரிசியையே அளந்து தின்கிற காலத்தில் பாலைத் தென்னைக்கு ஊற்றுகிறவள் யார்? டிரஸ்ஸர் வந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் விட்டார்கள்.

ஐம்பத்துமூன்று கடைசியில் பங்களாக் கொட்டகையில் மடிநோய் பரவியது. குழல் போட்டார்கள். கேட்கவில்லை. இரண்டு மடங்கு போட்டார்கள். அப்போதும் கேட்கவில்லை. எர்னஸ்ட் வந்து பார்த்துவிட்டு, கிருமிக்கு மருந்து பழகிப்போய்விட்டது என்றார். அன்றைக்கு ஃப்ளோரா உறையாத பாலின் கதையை அவரிடம் சொன்னாள், கேட்டுக்கொண்டார். பதினான்கில் எட்டு மாடுகள் இறைச்சிக்குப் போயின. பங்களாவுக்கே பால் இல்லை.

இரண்டே நாளில் ஆபீஸிலிருந்து ஒரு சீட்டோடு ஆள் வந்தது. பங்களாவுக்கு ஆறு மணிக்குள் பால் வேண்டும்; ஆகவே ஃப்ளோராவுக்கு மட்டும் விடிகாலை நான்கரைக்குக் கேட் திறக்கப்படும். இரண்டரை வருஷம் அவள் கேட்டு நடக்காத காரியம். அன்றைக்கு அவளுக்கு வந்த கோபம் அதுவரை வந்த எல்லாக் கோபத்தையும் விடப் பெரிது என்று பிற்பாடு அவளே சொன்னாள். சீட்டை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மாட்டுக்கு நல்லது என்றால் கோபத்தைப் பார்க்க முடியாது.

சின்ன துரை சொல்லியனுப்பினார் என்று சோமு வந்து கூப்பிட, ஒரே ஒருதரம் பங்களாக் கொட்டகைக்கும் போனாள். பதினான்கு மாட்டு மடியையும் ஒரே துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அந்தத் துணியைக் கொளுத்து என்று சோமுவிடம் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள்.

ஐம்பத்தேழில் எர்னஸ்ட் ஒரு அச்சடித்த அறிவிப்பைக் கொண்டுவந்து கொட்டகைத் தூணில் ஒட்டினார். தமிழிலும் இருந்தது. பென்சிலின் போட்ட மாட்டின் பாலை மூன்று நாள் விற்கக்கூடாது என்று எழுதியிருந்தது. ஃப்ளோரா விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். இதை யார் கண்டுபிடித்தது என்று கேட்டாள். சீமையில் பெரிய பெரிய ஆட்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்றார் எர்னஸ்ட். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, நீங்கள் அன்றைக்குச் சொன்னதை நான் எழுதியிருக்க வேண்டும் அக்கா, எழுதவில்லை என்றார்.

“மூணு நாளுன்னு போட்டிருக்கு. நாலு நாளு தம்பி. நான் பாத்தேன்.”

“அச்சடிச்சாச்சேக்கா.”

கருப்பிக்கு அந்த வாரம் மருந்து போட்டிருந்தது. ஃப்ளோரா அதன் பால் இருந்த தூக்கை எடுத்துக்கொண்டு தென்னையடிக்குப் போனாள். அன்றைக்கு நான்காம் நாள்.